ஜப்பானியத் தையல் பெட்டி: வாங்கியபின் செய்யக் கூடாதவை

கிமோனோவைக் கையால் தைக்கும் கலைக்கு ஜப்பானில் ‘வசாய்’ என்று பெயர். அதற்கான கருவிகள் எல்லாம் ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கிவிடும். இடுக்கி போல வளைந்த ஒரு கத்தரி, சுட்டுவிரலின் பாதி நீளத்தில் ஊசிகள், நடுவிரலுக்கு ஒரு வளையம், எலும்பில் செதுக்கிய ஒரு தகடு, மூங்கில் அளவுகோல், துணியைக் கவ்விப் பிடிக்க ஒரு கவ்வி. இப்போது இவை இணையக் கடைகளில் தனித்தனியாக, பார்த்தாலே வாங்கத் தோன்றும் பெட்டிகளில் வருகின்றன. தனித்தனியாக வருவதுதான் சிக்கல். வளையத்துக்கு ஏற்ற நீளத்தில் ஊசி, ஊசிக்கு ஏற்ற முறுக்கில் நூல், அந்தத் தையலுக்கு ஏற்ற அளவுகோல் என்று ஒன்றை வைத்து மற்றொன்று உருவானது. கூடவே ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும். கிமோனோ ஒருநாள் பிரிக்கப்படும் என்று தெரிந்தே தைக்கப்படுகிறது. தையலை உருவி, நேர்த்துண்டுகளாக்கித் துவைத்து, மறுபடி தைப்பார்கள். இந்தக் கருவிகளின் பல விசித்திரங்களுக்கு விடை அங்கே இருக்கிறது.

கத்தரியை விரித்துப் பார்ப்பது

முதலில் கெடுவது ‘நிகிரிபசாமி’தான். நிகிரி என்றால் கைக்குள் பிடித்து அழுத்துவது. நடுவில் ஆணி இல்லை, விரல் நுழைக்கும் வளையம் இல்லை. ஒரே பட்டை வளைந்து இரண்டு அலகாக நிற்கிறது. ஹியோகோ மாகாணத்தின் ஓனோ நகரம் இந்தக் கத்தரிக்குப் பேர்போனது. அங்குள்ள பட்டறைகளில் மென்மையான இரும்புப் பட்டையின் இரு முனையிலும் கார்பன் எஃகைக் காய்ச்சி அடித்து ஒட்டுகிறார்கள். வெட்டும் விளிம்பு மட்டுமே கடின எஃகு, மீதி முழுவதும் மெத்தென்ற இரும்பு. கையால் அடித்த கத்தரியின் அலகில் இரண்டு உலோகமும் சேரும் கோடு மங்கலாகத் தெரியும். துருப்பிடிக்காத எஃகுத் தகட்டிலிருந்து அச்சால் வெட்டி எடுத்ததில் அந்தக் கோடு இருக்காது. அச்சில் வெட்டியது மட்டம் என்று சொல்ல வரவில்லை. கையால் அடித்ததன் விலையைக் கொடுத்து அதை வாங்காதீர்கள்.

வளைவுப் பகுதி மென்மையான இரும்பு என்பதால் நெருப்பில் காய்ச்சித் தோய்த்தாலும் அதற்கு விறைப்பு ஏறாது. ஆறிய பிறகு சுத்தியலால் தட்டித் தட்டித்தான் சுருள்வில்லின் குணத்தை வரவழைக்கிறார்கள். அந்த வில்லுக்கு ஓர் எல்லை உண்டு. கையை விட்டதும் அலகுகள் தாமாக எவ்வளவு விலகுகின்றனவோ அவ்வளவுதான். புதிதாக வாங்கியவர் செய்யும் முதல் காரியம் இரு அலகையும் பிடித்து அகட்டிப் பார்ப்பது. ஒருமுறை அகட்டினால் வளைவு நெகிழ்ந்து, அதன் பிறகு அலகுகள் ஒன்றையொன்று உரசாமல் தள்ளிப் போகும். நூல் வெட்டுப்படாமல் இடையில் மடிந்து மாட்டிக்கொள்ளும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. கத்தரியை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அலகுகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளி தெரியும். அதைக் குறை என்று நினைத்துச் சிலர் தட்டிச் சரிசெய்யப் போவார்கள். அது குறையே இல்லை. அலகுகள் லேசாக வில் போல வளைக்கப்பட்டிருக்கின்றன. அதனால்தான் அழுத்தும்போது அவை ஒரே ஒரு புள்ளியில் மட்டும் தொட்டு, அந்தப் புள்ளி அடியிலிருந்து நுனிக்கு நகர்கிறது. தட்டையாக்கிவிட்டால் வெட்டுவது நின்று நசுக்குவது தொடங்கும்.

பிடிக்கும் இடமும் முக்கியம். வளைவைப் பிடித்து அழுத்தக் கூடாது. அலகு தொடங்குவதற்குச் சற்று முன்னால் உள்ள தோளில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் இருக்க வேண்டும். அங்கே பிடித்தால் நுனி தடுமாறாது, ஒற்றைத் தையலைக்கூடத் துணி இழையில் படாமல் எடுக்கலாம். பழைய தையலைப் பிரிக்க இதைவிடக் கைக்கு அடங்கிய கருவி இல்லை. வழக்கமான அளவு 10.5 செ.மீ. சுற்றுப்புறத்தில் இருக்கும் டேப், காகிதம், பூ கட்டும் கம்பி, மாத்திரை அட்டை எல்லாவற்றுக்கும் இதையே எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கார்பன் எஃகு மிகக் கூர்மையாக நிற்கும், ஆனால் நொறுங்கும். கம்பியில் பட்டு விளிம்பு ஓரிடத்தில் பல் விழுந்தால், அதற்காக முழு அலகையும் தேய்க்க நேரிடும். கீழே விழுந்தாலும் இதே கதிதான், நுனிகள் ஒன்றையொன்று தாண்டிவிடும்.

சாணை பிடிப்பவரிடம் கொடுப்பது பெரிய ஆபத்து. சுழலும் சக்கரத்தில் மெல்லிய அலகு நொடியில் சூடாகும். விளிம்பில் நீலம் பாய்ந்தால் எஃகின் கடினம் போயிற்று. அலகின் உட்பக்கம் நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். அந்தப் பக்கத்தைக் கல்லில் வைத்துத் தேய்ப்பது அடுத்த பிழை, குழிவு போனால் வெட்டும் போகும். தீட்டுவது வெளிச்சரிவை மட்டும், தண்ணீர் விட்ட கல்லில், சரிவின் கோணம் மாறாமல். உள்ளே மடங்கும் பிசிறை எடுப்பதற்கு மேல் உட்பக்கத்துக்கு ஒன்றும் வேண்டாம். கை நடுங்கும் என்றால் கத்தரி தீட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வெள்ளித்தாளை வெட்டினால் கூர் ஏறும் என்பது பிசிறைச் சற்று நிமிர்த்தும் வேலைதான், தீட்டல் ஆகாது.

துருவுக்கு ஜப்பானில் பூசுவது கமேலியா விதையில் எடுக்கும் ‘த்சுபாக்கி’ எண்ணெய். அது காற்றில் உலர்ந்து பிசினாகாது என்பதே காரணம். வீட்டில் இருக்கிறதே என்று நல்லெண்ணெய் தடவினால் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும், அப்புறம் பட்டில் கறை. கமேலியா கிடைக்காத இடத்தில் தையல் மெஷின் எண்ணெய் போதும். ஒரு சொட்டு, துணியால் துடைத்து எடுத்த பிறகு மிஞ்சும் ஈரம் மட்டும். வேலை முடிந்ததும் கைவியர்வையைத் துடைப்பது எண்ணெயைவிட முக்கியம்.

துணி வெட்டும் பெரிய கத்தரியான ‘ராஷாபசாமி’ வேறு வம்சம். ‘ராஷா’ என்பது போர்த்துகீசியர் கொண்டுவந்த கம்பளித் துணியின் பெயர். அதை வெட்ட வந்த மேனாட்டுக் கத்தரியை மெய்ஜி காலத்தில் (1868–1912) ஜப்பானியக் கைக்கு ஏற்ப அடித்துக் காட்டியவர் யோஷிதா யாஜூரோ. 1876-இல் வாள் தரிக்கத் தடை வந்தபின் வாட்கொல்லர்கள் பலர் இப்படிப்பட்ட கருவிகளுக்கு மாறினார்கள். இந்தக் கத்தரிக்குச் செய்யக் கூடாதவை மூன்று. குண்டூசி குத்திய இடத்தின் மேல் வெட்டக் கூடாது. துணி இல்லாமல் வெறுமனே ‘சரக் சரக்’ என்று மூடித் திறக்கக் கூடாது. மேசையிலிருந்து தூக்கி அந்தரத்தில் வெட்டக் கூடாது. கீழ் அலகு மேசையில் ஊன்றியே செல்ல வேண்டும்.

ஊசியின் எண்ணைத் தப்பாகப் படிப்பது

ஜப்பானில் கைத்தையல் ஊசி என்றால் ஹிரோஷிமா. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே ஊசி செய்கிறார்கள். நாட்டின் கைத்தையல் ஊசிகளில் மிகப் பெரும்பகுதி அங்கிருந்தே வருகிறது. கியோட்டோவின் மிசுயா ஊசிக்கு 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே பெயர். ‘மிசு’ என்பது மூங்கில் திரை. திரைக்குப் பின்னால் அமர்ந்து ஊசி செய்ததால் வந்த பெயர் என்பார்கள்.

உறையில் ‘ஷி-நோ-சான்’ என்று இருக்கும், அதாவது ‘நான்கின் மூன்று’. இதை ஒரே எண்ணாக, பெரிதா சிறிதா என்று படிப்பதுதான் தவறு. முதல் எண் தடிமன், இரண்டாவது எண் நீளம். தடிமனில் எண் கூடக்கூட ஊசி மெலியும்: 3 பருத்திக்கு, சுமார் 0.7 மி.மீ.; 4 பட்டுக்கு, சுமார் 0.56 மி.மீ. நீளத்தில் எண் கூடினால் ஊசி நீளும். பழைய அளவில் 1 சுன் என்பது 3.03 செ.மீ., அதன் பத்தில் ஒன்று 1 பு. நீள எண் 3 என்றால் 1 சுன் 3 பு, அதாவது 39.4 மி.மீ. எண் 2 என்றால் 36.4 மி.மீ. இந்த மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் விடுபவர்கள்தான் அடுத்த கருவியைக் குறை சொல்வார்கள்.

வளையத்தை மோதிரமாகப் போடுவது

நம் தையல்காரர்களின் அங்குஸ்தான் விரல் நுனியைத் தொப்பி போல மூடும். ஜப்பானிய ‘யுபினுகி’ ஒரு வளையம். தோலிலோ குழிகள் போட்ட உலோகத்திலோ இருக்கும். வலக்கை நடுவிரலின் நுனிக்கணுவுக்கும் நடுக்கணுவுக்கும் இடையில் போட வேண்டும். விரலின் அடிவரை தள்ளி மோதிரம் போலப் போட்டால் ஊசி அதைத் தொடவே தொடாது. சரியாகப் போட்டு, விரலை மடித்து, ஊசிக்காது இருக்கும் முனையை வளையத்தில் செங்குத்தாக ஊன்றி, மறுமுனையைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் பிடித்தால், விரல்களைத் தாண்டி ஊசிமுனை 2 அல்லது 3 மி.மீ. மட்டும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் ஊசியின் நீளத்துக்கு இதுதான் அளவு. அதற்கு மேல் நீட்டினால் ஊசி வளையும், கை ஆடும். விரலுக்குள் மறைந்தால் துணியில் ஏறாது. ஊசி உறையில் இரண்டாவது எண் இருப்பது இந்தப் பொருத்தத்துக்காக.

‘சாஷிகோ’ என்னும் தடித்த நூல் வேலைக்கு ஊசி மிக நீளம். அதற்கு இந்த வளையம் உதவாது. நடுவிரலின் அடியில் மாட்டி, உள்ளங்கைப் பக்கம் ஒரு சிறு தட்டு வரும்படி அமைத்த வேறு வகை யுபினுகி இருக்கிறது. இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு ‘ஜப்பானிய முறை எனக்கு ஒத்துவரவில்லை’ என்று விடுபவர்கள் அநேகம்.

வளையமும் ஊசியும் பொருந்தியபின் கை அசையும் விதம்தான் பாக்கி. ‘உன்ஷின்’ என்ற அந்த ஓட்டுத்தையலில் ஊசி பெரும்பாலும் நின்ற இடத்தில் நிற்கிறது, துணிதான் ஓடுகிறது. இரு கையும் சுமார் 15 செ.மீ. இடைவெளியில் துணியை இறுக்கிப் பிடித்து, ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே என்று மாறி மாறி அசைக்கும். ஊசி ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிக்கொண்டே துணியைத் தன்மேல் மடிப்பு மடிப்பாகக் கோத்துக்கொள்ளும். ஒவ்வொரு தையலுக்கும் ஊசியை வெளியே இழுப்பவருக்கு வளையத்தால் ஒரு பயனும் இல்லை. பட்டில் தையல் 2 முதல் 3 மி.மீ. இருக்கும். ஒரு நீளம் முடிந்ததும் தைத்த வரியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து இடப்பக்கமாக நீவிச் சுருக்கத்தை வெளியேற்ற வேண்டும். இதைத் தவிர்த்தால் துணி சுருங்கிய நிலையிலேயே முடிச்சு விழும். இஸ்திரி போட்டாலும் அந்தச் சுருக்கம் போகாது.

கனசாவா நகரின் ‘காகா யுபினுகி’ பற்றி ஒரு வார்த்தை. காகித வளையத்தின் மேல் பட்டுப்பஞ்சைச் சுற்றி, அதன்மேல் வண்ணப் பட்டுநூலை வரிசை தப்பாமல் பின்னியது. தையல் பெண்கள் மிஞ்சிய நூலில் தங்களுக்கென்று செய்துகொண்டதிலிருந்து வந்தது. ஊசி நழுவாமல் பிடிக்க அந்த நூற்பரப்பே போதும். இன்று பெரும்பாலும் அணிகலனாக விற்கிறது. அணியுங்கள், ஆனால் நனைக்காதீர்கள். உள்ளே இருப்பது காகிதம்.

கவ்வியை இடப்பக்கம் வைப்பது

மடித்த ஓரத்துக்குள் தையல் மறையும்படி தைப்பதற்கு ‘குகேரு’ என்று பெயர். அதற்குத் துணி இழுபட்டு நிற்க வேண்டும். ‘குகேதாய்’ என்ற கருவியில் ஒரு பலகை கிடையாகவும் ஒரு கம்பம் செங்குத்தாகவும் இருக்கும்; பலகையின் மேல் தைப்பவரே தொடையையோ முழங்காலையோ வைத்து அமர்வதால் கம்பம் அசையாது. கம்பத்திலிருந்து கயிற்றில் தொங்கும் ‘ககேஹாரி’ என்ற கவ்வி துணியைக் கடித்துக்கொள்ளும். வலக்கைக்காரர் வலமிருந்து இடமாகத் தைக்கிறார், ஆகவே கம்பம் வலப்பக்கம் நிற்க வேண்டும், இழுப்பது இடக்கை. இடப்பக்கம் வைத்தால் தையலை நோக்கியே இழுவிசை வந்து துணி தொய்யும். ககேஹாரியை நேரடியாகப் பட்டில் மாட்டினால் பல் தடம் விழலாம், நடுவில் ஒரு துண்டுத் துணி வைப்பது நல்லது.

நூலில் வரும் சிக்கல்

ஜப்பானியப் பழமொழி ஒன்று: கைதேராதவருக்கு நீள நூல், கைதேர்ந்தவருக்குச் சிறு நூல். ஊசியில் கோக்கும் வேலையை மிச்சப்படுத்த ஒன்றரை மீட்டர் வெட்டுபவர் அந்த நேரத்தை முடிச்சுப் பிரிப்பதில் செலவழிப்பார். கையை நீட்டி இழுக்க எட்டும் நீளம் போதும்.

அதைவிடக் கண்ணுக்குத் தெரியாத தவறு மெஷின் நூலைக் கைக்கு எடுப்பது. கைத்தையல் நூலின் முறுக்கு ஆங்கில ‘எஸ்’ எழுத்தின் நடுக்கோடு சாய்ந்த பக்கம் சாய்கிறது, மெஷின் நூலில் ‘இசட்’ பக்கம். வலக்கையால் தைக்கும்போது விரல்கள் நூலைத் தாமறியாமல் சற்றே திருகுகின்றன. முறுக்கு பொருந்தாத நூல் சுருண்டு, தனக்குத்தானே கண்ணி போட்டுக்கொள்ளும். அட்டையில் சுற்றி வரும் பட்டுநூலில் மடிப்புத் தடம் இருக்கும். கோத்ததும் இரு முனையையும் இழுத்துப் பிடித்து, வீணைத் தந்தியைச் சுண்டுவது போல இரண்டு மூன்று முறை சுண்டினால் நேராகிவிடும்.

ஹெரா, கோத்தே

எலும்பிலோ தந்தத்திலோ செய்த ‘ஹெரா’ துணியில் அடையாளமிடும் தகடு. மையும் சாக்கும் இல்லாமல் அழுத்தத்தால் மட்டும் கோடு விழும், பிறகு மறைந்துவிடும். பிரித்துத் தைக்கப்போகும் துணியில் அழியாத தடம் விடக் கூடாது என்பதற்காக. கம்பளியிலும் பாலியஸ்டரிலும் அந்த அழுத்தம் நிற்காது, அங்கே சாக்தான். ஹெராவைக் கண்ணாடி மேசையில் வைத்து அழுத்தினால் மெல்லிய பட்டின் இழை வெட்டுப்படும். அடியில் கெட்டி அட்டை வேண்டும். இன்று தந்தத்தில் செய்தது பழைய பெட்டிகளில்தான் வர வேண்டும். அதை நாடு தாண்டி எடுத்துச் செல்வது சட்டச் சிக்கல், ஆகவே எலும்பையே வாங்குங்கள்.

சிறு இஸ்திரியான ‘கோத்தே’ முன்பு கரியில் காய்ந்தது, இப்போது மின்சாரம். தைத்த வரியிலேயே மடித்து இஸ்திரி போடுவது நம் பழக்கம். வசாயில் தையலிலிருந்து சுமார் 2 மி.மீ. தள்ளி மடிக்கிறார்கள். ‘கிசே’ எனப்படும் அந்தச் சிறு மடிப்பு தையலை மறைத்துவிடுகிறது. இதைப் பிசகு என்று நினைத்து இழுத்துத் தேய்த்தால் தையல் வெளியே தெரியும், முன்பக்கம் விரியும்.

இரண்டு ‘ஷாக்கு’

மூங்கில் அளவுகோலில் நடக்கும் தவறு துணியையே பாழாக்கும். பத்து சுன் சேர்ந்தது ஒரு ‘ஷாக்கு’. ஆனால் அந்தப் பெயரில் இரண்டு அளவுகள் உண்டு, சுன்னும் அதற்கேற்ப மாறும். தச்சருடைய ஷாக்கு 30.3 செ.மீ. துணிக்கான ‘குஜிராஜாக்கு’ 37.88 செ.மீ., அதாவது ஒன்றேகால் மடங்கு. குஜிரா என்றால் திமிங்கிலம். திமிங்கிலத்தின் வாய்த்தகட்டில் அந்த அளவுகோலைச் செய்ததால் வந்த பெயர். கழுத்தின் பின்நடுவிலிருந்து மணிக்கட்டு வரை 1 ஷாக்கு 7 சுன் என்று ஒரு கிமோனோ அளவு எழுதியிருந்தால் அது 64.4 செ.மீ. தச்சர் கோலில் அளந்தால் 51.5 செ.மீ.தான் வரும், கை முழங்கையைத் தாண்டிக் கொஞ்சம் போய் நின்றுவிடும். விபரீதம் என்னவென்றால், ஊசியின் நீளம் மட்டும் தச்சர் ஷாக்குக் கணக்கில் வருகிறது.

எது எது என்று அறிவது எளிது. 1959 முதல் ஜப்பானில் வணிகத்தில் மெட்ரிக் அளவே சட்டம். அதனால் கோலில் ‘ஷாக்கு’ என்று எழுதாமல், ஒரு சுன்னுக்கு ஈடான மீட்டர் பின்னத்தை எழுதுகிறார்கள். 1/26.4 மீ. என்று இருந்தால் துணிக்கோல், 1/33 மீ. என்று இருந்தால் தச்சர் கோல். மூங்கில் கோலில் பெரும்பாலும் எண்கள் இருக்காது, புள்ளிகளே இருக்கும். ஐந்து சுன் புள்ளிகளை முதலில் அடையாளம் கண்டுகொண்டு எண்ணத் தொடங்குங்கள்.

குத்தி வைப்பதும் ஒழிப்பதும்

ஊசிமெத்தைக்குள் பழைய நாளில் தலைமுடியை அடைத்தார்கள். அருவருப்பாகத் தோன்றலாம், ஆனால் முடியில் இருக்கும் எண்ணெய்ப் பசை ஊசியைத் துருவிலிருந்து காத்தது. இப்போது கம்பளி நூல் அல்லது ஆட்டுரோமம் அதே வேலையைச் செய்யும். பஞ்சு ஈரத்தை இழுக்கும், ஸ்பாஞ்ச் அதைவிட மோசம். மழைக்காலத்தில் இரண்டே வாரத்தில் ஊசியில் கரும்புள்ளி விழும். புள்ளி விழுந்த ஊசி பட்டில் இழையை இழுக்கும், தேய்த்துப் பயன்படுத்தப் பார்க்காதீர்கள்.

‘மச்சிபாரி’ குண்டூசிகளில் தட்டையான பூத்தலை உள்ளவை அழகு, ஆனால் பெரும்பாலும் பிளாஸ்டிக். கோத்தே பட்டால் உருகித் துணியில் ஒட்டும். இஸ்திரிக்குப் போகும் இடத்தில் கண்ணாடித் தலை வேண்டும். எத்தனை எடுத்தோம் என்று எண்ணித் தொடங்கி, எண்ணி முடிப்பது வசாயின் அடிப்படை ஒழுங்கு. உள்துணி வைத்துத் தைத்த கிமோனோவுக்குள் ஒரு ஊசி தங்கினால் அணிபவர் உடலில்தான் அது தெரியவரும்.

உடைந்த ஊசிக்கு வருவோம். ‘காதற்ற ஊசி’ என்றால் நமக்கு ஒன்றுக்கும் ஆகாததன் பெயர். ஜப்பானில் அதற்கென்று ஒரு நாள் இருக்கிறது, ‘ஹாரி-குயோ’. கிழக்கே பிப்ரவரி 8, மேற்கே பல இடங்களில் டிசம்பர் 8. வகாயாமாவின் காதா ஊரில் உள்ள அவாஷிமா ஆலயத்துக்கும் டோக்கியோ சென்சோ-ஜி வளாகத்தின் அவாஷிமா சன்னதிக்கும் உடைந்த, வளைந்த ஊசிகளைக் கொண்டுவருகிறார்கள். கடினமான துணிகளைக் குத்தியே தேய்ந்த ஊசியை மெத்தென்ற தோஃபுவிலோ (சோயா கட்டி) கொன்யாகுவிலோ (கிழங்கு மாவில் செய்த களி போன்ற கட்டி) குத்தி ஓய்வு கொடுக்கிறார்கள்.

அங்கே போக வழியில்லாதவர்கள் குப்பைப் பையில் அப்படியே போட்டுவிடாதீர்கள், பையை எடுப்பவர் கையில் ஏறும். உடைந்தால் இரண்டு துண்டும் கிடைத்ததா என்று ஒட்டிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் துணியின் மேல் காந்தத்தை நகர்த்தித் தேடுங்கள். கிடைத்தவற்றை மூடி இறுகும் சிறு தகர டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் டேப் சுற்றி, ‘ஊசி’ என்று எழுதி, பழைய இரும்போடு போடலாம்.